குடல் புற்றுநோய்: சிகிச்சை ஒருங்கிணைப்பை எப்படி அளக்கிறார்கள்? (கேள்வி பதில்)

சிட்னியில் குடல் அறுவை வார்டுகளில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி. ஆபரேஷன் ஒரு ஆஸ்பத்திரியில், கீமோ இன்னொன்றில். எல்லா டாக்டர்களும் பேசிவைத்துக்கொண்டு ஒன்றாகச் சிகிச்சை தருவதை ஒருங்கிணைப்பு என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளப்பது?

பதில்: நோயாளியிடம் கேட்டுத்தான். சர்ஜன், கீமோ டாக்டர், குடும்ப டாக்டர் என்று எல்லா வாசலும் ஏறி இறங்கியவர் அவர் ஒருவர்தானே. ஜேன் யங் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே 20 கேள்விகள் உள்ள படிவம் ஒன்றைத் தயாரித்து 2011-ல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேல் தகவல் பரிமாற்றம் பற்றியவை. மற்றவை, அடுத்து எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று வழி தெரிந்ததா என்பதைப் பற்றியவை. மொத்த மதிப்பெண் 20-லிருந்து 100 வரை.

கேள்வி: அதற்கு ஃபைலில் இருக்கும் தேதிகளைப் பார்த்தாலே போதாதா?

பதில்: தேதியும் வேண்டும்தான். மூன்றாம் நிலைப் (பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்ட) பெருங்குடல் புற்றுநோய்க்கு, ஆபரேஷன் முடிந்து 8 வாரத்துக்குள் கீமோ தொடங்குவது நல்லது என்பார்கள். ஆனால் தேதி பாதிக் கதையைத்தான் சொல்லும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு வயதான அம்மாவுக்கு எல்லாமே குறித்த நாளில் நடந்தது. ஆனால் போன இடத்திலெல்லாம் தன் கதையை முதலிலிருந்து சொன்னார். மாத்திரைப் பெயர்களைப் பேத்தியின் நோட்டில் எழுதிக் கையோடு கொண்டு வருவார். ஒரு இடத்திலிருந்து கடிதம் போகவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நோட்டுதான் எங்கள் வேலையைச் செய்திருக்கிறது. இன்றும் நினைத்தால் மனசு கனக்கிறது.

கேள்வி: என் அம்மா எதைக் கேட்டாலும் "நல்லாப் பாத்தாங்க" என்பார். அந்த மார்க்கை நம்பலாமா?

பதில்: நம் பெரியவர்கள் அப்படித்தான், உயிரைக் காப்பாற்றியவர்களைக் குறை சொல்ல மனசு வராது. அதனால் "திருப்தியா?" என்று கேட்கவே கூடாது. "ஆளுக்கொரு மாதிரி சொன்னது எத்தனை தடவை?" என்று நடந்ததைக் கேட்க வேண்டும். அப்புறம், மகனோ மகளோ மொழிபெயர்க்க வேண்டாம். இங்கே ஆஸ்திரேலியாவில் பொது ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் இலவசம், தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: வீடு திரும்பியவர்களுக்கு நர்ஸ் போன் செய்து விசாரித்தால் மார்க் கூடுமா?

பதில்: ஆஸ்திரேலியாவில் 23 ஆஸ்பத்திரிகளில் 775 நோயாளிகளோடு சோதித்தே பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆறு மாதத்தில் ஐந்து அழைப்புகள். ஒருங்கிணைப்பு மதிப்பெண்ணில் வித்தியாசம் வரவில்லை. ஆறாம் மாதத்தில் அவர்களுடைய வாழ்க்கைத் தரம் மட்டும் சற்று மேலாக இருந்தது. ஆகவே போன் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வெளியிலிருந்து பேசுகிற குரலால் உள்ளே நின்றுபோன ஃபைலை நகர்த்த முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது.

கேள்வி: எப்போது கேட்பது சரி?

பதில்: டிஸ்சார்ஜ் அன்று வேண்டாம், வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் எல்லாமே நல்லதாகத் தெரியும். சில மாதம் போகட்டும். கீமோ, சிஇஏ ரத்தப் பரிசோதனை (புற்றுநோய் திரும்புகிறதா என்று கவனிக்க எடுப்பது), ஸ்கேன் என்று அலையும்போதுதான் ஓட்டைகள் தெரியும்.

முதலில் கேட்ட தம்பிக்கு: அப்பாவுக்கு ஸ்டோமா பை (வயிற்றில் திறந்த வாசல் வழியாக மலம் சேரும் பை) வைத்திருந்தால், "ராத்திரியில் கசிந்தால் யாரைக் கூப்பிடுவீங்க?" என்று இன்றே அவரிடம் கேளுங்கள். உடனே ஒரு பெயரோ நம்பரோ வரவில்லை என்றால், நாளைக் காலையில் வார்டுக்குப் போன் போட்டு ஸ்டோமா நர்ஸின் நம்பரை வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள்.