குடும்பம் பெரிதாகிறது. கட்டுப்படியாகும் வாடகையில், எல்லாவற்றுக்கும் நடந்தே போகிற மாதிரி நகரத்துக்குள் ஒரு பகுதியை எப்படித் தேடுவது?

இரண்டாவது குழந்தை வரப்போகிறது, அம்மாவும் கூட வந்து இருக்கப்போகிறார், இப்போதைய வீடு போதாது, கார் வாங்காமல் பள்ளிக்கும் கடைக்கும் நடந்தே போக ஆசை, ஆனால் அப்படிப்பட்ட இடங்களில் வாடகை எட்டவில்லை, பேசாமல் ஊருக்கு வெளியே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் கணவரும் சில வருடங்களுக்கு முன்பு இதே கேள்வியோடுதான் அலைந்தோம். முதல் தடவை தப்பான முடிவு எடுத்தோம், அதைத் திருத்த மூன்று வருடம் ஆயிற்று. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஊருக்கு வெளியே போவதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போனோம். வாடகை நன்றாகக் குறைந்தது, ஓர் அறை கூடுதலாகக் கிடைத்தது, வெளிச்சம் காற்று எல்லாம் அருமை. ஆறே மாதத்தில் இரண்டாவது வண்டி வாங்க வேண்டியதாயிற்று. பால் தீர்ந்துவிட்டால் வண்டி, காய்ச்சல் என்றால் வண்டி, மூத்தவன் நண்பன் வீட்டுக்கு விளையாடப் போக வேண்டும் என்றாலும் யாராவது கொண்டுபோய் விட்டு, காத்திருந்து கூட்டிவர வேண்டும். ஒரு ராத்திரி உட்கார்ந்து வாடகை, பெட்ரோல், வண்டித் தவணை, இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தோம். வாடகையில் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் முழுக்க வண்டிக்குள் போயிருந்தது, அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரமும் போயிருந்தது.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. சிகாகோவில் சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அவர்கள் இந்தக் கணக்கைத்தான் பல வருடமாகப் போட்டுவருகிறார்கள். வீட்டுக்கு வருமானத்தில் 30 சதவீதம் வரை போகலாம் என்ற பழைய அளவை மட்டும் பார்த்தால் தொலைவில் இருக்கும் வீடு எப்போதும் மலிவாகத்தான் தெரியும், ஆகவே போக்குவரத்துச் செலவையும் சேர்த்து இரண்டும் 45 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த 45 என்ற எண் உங்கள் வருமானத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகலாம். சேர்த்து எண்ணுவதுதான் முக்கியம். பார்க்கப் போகும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த இரண்டு செலவையும் கூட்டி ஒரு எண் போட்டு வையுங்கள், நீங்கள் 'எட்டாது' என்று ஒதுக்கிவைத்த சில இடங்கள் திரும்ப உள்ளே வரும்.

சரி, நடக்கத் தோதான இடம் என்பதை எப்படி அளப்பது? எல்லோரும் செய்வது போல நாங்களும் முதலில் வரைபடத்தைத் திறந்து பள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டோம். வட்டம் ஏமாற்றும். நேர்கோட்டில் 400 மீட்டர் இருக்கும் பள்ளிக்கு நடுவே ஒரு ரயில் பாதையோ நீண்ட மதில் சுவரோ இருந்தால் நடக்கிற தூரம் ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். தெருக்களின் நீளத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரின் மையத்தில் ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனைக்கு ஏறக்குறைய 61 மீட்டர்தான், சால்ட் லேக் சிட்டியின் பழைய பகுதியில் அதுவே ஏறக்குறைய 200 மீட்டர். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் முதல் ஊரில் பெரிதாக ஒன்றும் ஆகாது, இரண்டாவதில் கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக எவ்வளவு சுற்ற வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வரைபடத்தில் நெருக்கமாக, குட்டிக் குட்டிக் கட்டங்களாகத் தெரியும் தெருக்கள் இருக்கும் பகுதியைத்தான் நான் முதலில் குறித்துக்கொள்வேன். அங்கே பெரும்பாலும் கடைகளும் ஒரே இடத்தில் குவியாமல் பரவிக் கிடக்கும்.

அப்புறம் சாலைகள். இதில்தான் எனக்கு ரொம்பப் பிடிவாதம். கிளாரன்ஸ் பெர்ரி என்ற திட்டமிடுநர் 1929இல் நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக ஒரு குடியிருப்புப் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார்: ஆரம்பப் பள்ளி நடுவில், வீடுகள் அதிலிருந்து கால் மைலுக்குள், அதாவது சுமார் 400 மீட்டருக்குள், பெரிய சாலைகள் ஓரத்தில் மட்டும், எந்தக் குழந்தையும் அவற்றைக் கடக்காமலே பள்ளிக்குப் போய்வர வேண்டும். அவருடைய மற்ற யோசனைகளை ஏற்காதவர்கள் உண்டு, ஆனால் ஒரு தாயாக எனக்கு அந்தக் கடைசி வரி போதும். பள்ளி 300 மீட்டரில் இருந்து நடுவே ஆறு வரிசைச் சாலை ஒன்று ஓடினால் அது நடந்து போகிற தூரமே இல்லை. அதுவே 900 மீட்டர் இருந்தாலும் வழி முழுக்கச் சின்னத் தெருக்கள் என்றால், பத்து வயதுப் பிள்ளை ஒருநாள் தனியாகப் போவான்.

எங்கள் முடிவை மாற்றியதும் ஒரு சாலைதான். இரண்டாவது தடவை தேடும்போது ஒரு வீடு கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. முன்பணம் கொடுக்கும் முன் ஒரு தடவை சின்னவளைக் கூட்டிக்கொண்டு வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து பார்ப்போம் என்றேன். அவளுக்கு அப்போது நான்கு வயது. நான் தனியாகப் போனபோது பத்து நிமிடம் ஆன வழி, அவளோடு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. இரண்டு சிக்னல்களில் பாதி தாண்டும்போதே பச்சை போய்விட்டது, இரண்டாவதில் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தப் பக்கம் போனதும் அவள் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள், இனி நடக்க மாட்டேன் என்று. நிழலும் இல்லை, உட்கார ஒரு பெஞ்சும் இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதை வருடத்துக்கு இருநூறு நாள், இரண்டு தடவை செய்ய வேண்டும் என்று தோன்றியது. அந்த வீட்டை விட்டுவிட்டோம்.

அதனால் உங்களுக்கும் நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: வீட்டில் யார் மிக மெதுவாக நடப்பார்களோ அவர்களுடைய நடையில் ஓர் இடத்தை அளந்து பாருங்கள். உங்கள் வீட்டில் அது தத்தித் தத்தி நடக்கும் மூத்த குழந்தையாக இருக்கும், இல்லையென்றால் அம்மாவாக இருக்கும். பூங்காவுக்கு எத்தனை நிமிடம், மருந்துக் கடைக்கு எத்தனை, வழியில் அம்மா நின்று மூச்சு வாங்க இடம் இருக்கிறதா, குழந்தையின் தள்ளுவண்டி ஏறி இறங்கும்படி நடைபாதை இருக்கிறதா, இல்லை வண்டிகள் ஏறி நிற்கின்றனவா? அவர்களுக்குச் சரியாக இருந்தால் உங்களுக்குத் தானாகவே சரியாக இருக்கும்.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது பெரிய சாலையைப் பார்த்த வீடு கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், அதில் மயங்க வேண்டாம். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற பேராசிரியர் 1960களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்தார். ஒன்றில் நாளுக்கு ஏறக்குறைய 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள், வண்டி மிகுந்த தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை, 0.9தான். (அந்த மனிதரே 1982இல் ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார் என்று படித்தபோது மனம் என்னவோ செய்தது.) குழந்தை வளர்ப்பவர்களுக்கு இந்த எண் சாதாரணமானது அல்ல. எங்கள் இப்போதைய தெருவில் எதிர்வீட்டு அக்கா இல்லையென்றால் சின்னவளுக்கு வீசிங் வந்த அந்த இரவில் மூத்தவனை யாரிடம் விட்டுவிட்டு நாங்கள் மருத்துவமனைக்குப் போயிருப்போம் என்று இன்றும் நினைப்பதுண்டு. ஊருக்கு வெளியே இருந்த வீட்டில் மூன்று வருடம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே காலி செய்தோம்.

சரி, கட்டுப்படியாகிற இடம் எங்கே ஒளிந்திருக்கும்? பேர் பெற்ற பகுதியில் தேடாதீர்கள், அதன் விளிம்பில் தேடுங்கள். எல்லோரும் சொல்லும் அந்தப் பெயர் எந்தத் தெருவோடு முடிகிறதோ, அதைத் தாண்டி இரண்டு மூன்று தெரு தள்ளிப் போனால் அதே பள்ளி, அதே பூங்கா, அதே பேருந்து, வாடகை மட்டும் குறைந்திருக்கும். ரயில் வசதி இருந்தால் எல்லோரும் விரும்பும் நிலையத்துக்கு ஒன்றிரண்டு நிலையம் அடுத்துப் பாருங்கள். வண்டி நிறுத்த இடமில்லாத பழைய வீடுகளைக் கார் வைத்திருப்பவர்கள் ஒதுக்கிவிடுவார்கள், கார் இல்லாத உங்களுக்கு அது ஒரு குறையே இல்லை. இணையத்தில் வராத வீடுகளும் நிறைய இருக்கும், கதவில் ஒட்டிய தாளோடு சரி. நாங்கள் இருக்கும் வீடு கடைக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, அந்தத் தெருவில் நாலாவது தடவையாக நடந்துகொண்டிருந்தபோது. 'புதிய ரயில் பாதை வரப்போகிறது' என்று காட்டி வீட்டுக்காரர் கூடுதல் வாடகை கேட்டால் மட்டும் யோசியுங்கள், பாதை எப்போது வரும் என்பது அவர் கையில் இல்லை, வாடகை மாதாமாதம் நீங்கள்தான் கொடுக்கப்போகிறீர்கள்.

வீட்டின் அளவில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஊருக்கு வெளியே இருந்த வீட்டைவிட எங்கள் இப்போதைய வீடு மூன்றில் ஒரு பங்கு சிறியது. ஆனால் சதுர அடியைப் பார்க்காமல் கதவுகளை எண்ணிப் பாருங்கள். பெரிய கூடமும் இரண்டு அறையும் உள்ள வீட்டைவிடச் சின்னச் சின்னதாக மூன்று அறை உள்ள வீடுதான் குடும்பம் வளரும்போது கைகொடுக்கும், குழந்தை தூங்கும் நேரத்தில் அம்மாவுக்கு ஒரு கதவு வேண்டும், ஏழெட்டு வருடத்தில் மூத்த பிள்ளைக்கும் ஒரு கதவு வேண்டும். பூங்கா மூன்று நிமிடத்தில் இருந்தால் பிள்ளைகள் மாலை முழுக்க வெளியேதான் இருக்கிறார்கள், கூடம் சிறியதாக இருப்பது உறுத்துவதில்லை. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி மலிவாகக் கிடைக்கும், உங்களுக்கு அது வேண்டாம். கைக்குழந்தை, அம்மாவின் முழங்கால் இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விஷயத்தில் இப்போது தேவைப்படும் ஆரம்பப் பள்ளியை மட்டும் பார்த்துவிட்டுக் குடிபோகாதீர்கள். மேல்வகுப்புப் பள்ளி எங்கே இருக்கிறது, அதற்குப் பேருந்து ஒன்றா இரண்டா என்றும் கேளுங்கள். அந்தப் பகுதியில் குடியிருந்தால்தான் இடம் என்ற விதி இருந்தால் எல்லை எந்தத் தெரு வரை என்று பள்ளியிலேயே நேரில் கேட்டுவிடுங்கள், தரகர் சொல்வதை நம்பி எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஒரு வருடம் இழந்தது.

ஒரு பகுதி மனதுக்குப் பிடித்துவிட்டால் வேறு வேறு நேரத்தில் மூன்று தடவையாவது போங்கள். பள்ளி தொடங்கும் காலையில் ஒரு தடவை, பிள்ளைகள் பெரியவர்கள் துணையில்லாமல் நடந்து போகிறார்களா என்று பாருங்கள், அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. இருட்டிய பிறகு ஒரு தடவை, நீங்கள் இல்லாமல் உங்கள் மனைவி தனியாக அந்தத் தெருவில் நடந்து பார்க்கட்டும், அவருக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். மழை பெய்த மறுநாள் ஒரு தடவை, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை வாடகைக்கு விடுபவர் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வாங்குவதா வாடகையா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வாடகைதான், குறைந்தது ஒரு வருடம். பிரசவத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்கிறீர்கள், கடைசி இரண்டு மாதத்தில் உங்கள் மனைவியால் இப்படி அலைய முடியாது, ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே மூத்த குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பகுதியில் தொடங்கிவிடுங்கள். இரண்டு மூன்று இடம் குறித்த பிறகு பள்ளி, கடை, பெரிய சாலை மூன்றும் வீட்டிலிருந்து எந்தெந்தப் பக்கம் என்று கீழே எழுதுங்கள், நானும் உட்கார்ந்து யோசித்துச் சொல்கிறேன்.