மகள் ‘எனர்ஜி மாடலிங்’ படிக்கட்டுமா?

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், கட்டட எனர்ஜி மாடலிங் கோர்ஸில் சேர அறுபதாயிரம் ரூபாய் கேட்கிறாள், இதெல்லாம் ஒரு வேலையா என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கட்டடம் எவ்வளவு கரண்ட் இழுக்கும், எதை மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதான் அது. வேலைதான் ஐயா. ஆனால் அந்தப் பணத்தை இப்போது கட்டாதீர்கள்.

ஓர் ஆஸ்பத்திரி கரண்ட் செலவைக் குறைக்க நினைக்கிறது என்று வையுங்கள். கண்ணாடியை மாற்றினால் ஏசி செலவு 20 சதவீதம் குறையும் என்கிறார் கண்ணாடிக்காரர். புது சில்லர், அதாவது பெரிய ஏசிக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம், போட்டால் 30 சதவீதம் என்கிறார் சில்லர்காரர். இரண்டும் செய்தால் 50 என்று நிர்வாகம் கூட்டிக்கொள்ளும். ஆனால் 100 ரூபாய்ச் செலவு கண்ணாடியால் 80 ஆனபின், சில்லர் அந்த 80-ல்தான் 30 சதவீதம் குறைக்கும். மிச்சம் 56, ஆக, சேமிப்பு 44. அதோடு, கண்ணாடியை முதலில் மாற்றினால் சின்ன சில்லரே போதுமாக இருக்கும். இந்த வரிசையையும் போட்ட காசு எத்தனை வருஷத்தில் திரும்பும் என்பதையும் கணக்குப் போட்டுச் சொல்பவருக்குத்தான் சம்பளம். சாஃப்ட்வேர் அவர் கையிலிருக்கும் ஸ்பேனர் மாதிரி.

அந்த ஸ்பேனரும் இலவசம். எனர்ஜிபிளஸ் என்ற சாஃப்ட்வேர் அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் உருவானது. சுவர், கூரை, விளக்கு, ஆட்கள், ஊரின் வானிலைக் கோப்பு எல்லாம் கொடுத்தால் வருஷத்தின் 8,760 மணி நேரத்துக்கும் கணக்குச் சொல்லும். செலவு-திரும்பல் கணக்குக்குக் கனடா அரசின் ரெட்ஸ்கிரீன் சாஃப்ட்வேர் இருக்கிறது. எந்த பட்டனை அழுத்துவது என்று காட்ட அறுபதாயிரமா?

அவள் முதலில் உங்கள் வீட்டையே மாடல் செய்யட்டும். நம்மூரில் ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அதனால் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மீட்டரைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மாடல் சொல்லும் யூனிட்டையும் மீட்டர் சொல்வதையும் ஒப்பிட வேண்டும். ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கத்தின் கைடுலைன் 14-ன்படி, மாதக் கணக்கில் மொத்தச் சாய்வு, அதாவது எல்லா மாதமும் கூட்டிப் பார்த்தால் வரும் வித்தியாசம், 5 சதவீதத்துக்குள்ளும், மாதாமாத ஏற்ற இறக்கப் பிழை 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். முதல் தடவை நிச்சயம் ஒத்துப்போகாது. என்னிடம் வந்த ஒரு பையனுக்கு எவ்வளவு முயன்றும் கோடைக் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால், மாடலில் மொட்டை மாடிக்கு வெயிலைத் தடுக்கும் மேல்பூச்சான வெதரிங் கோர்ஸ் போட்டிருக்கிறான். வீட்டில் அது போடவே இல்லை! இன்டர்வியூவில் சர்டிஃபிகேட்டைவிட இந்தக் கதைதான் எடுபட்டது.

வேலை எங்கே? பசுமைக் கட்டட ஆலோசனை நிறுவனங்கள், ஏசி டிசைன் செய்யும் கன்சல்டன்ட்கள், எரிசக்தித் தணிக்கை நிறுவனங்கள். பெரிய வணிகக் கட்டடங்களுக்கு ஈசிபிசி என்ற மின்சிக்கன விதி 2007-ல் வந்து 2017-ல் திருத்தப்பட்டது. அதில் முழுக் கட்டட சிமுலேஷன் மூலமாகவும் தகுதி காட்டலாம். குடியிருப்புகளுக்கு அதே மாதிரி விதியாக 2018-ல் வந்தது எகோ நிவாஸ் சம்ஹிதா. லீட், கிரிஹா என்ற பசுமைக் கட்டடத் தரச்சான்றுகளுக்கும் இந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

ஆரம்பச் சம்பளம் ஐடி அளவுக்கு இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில வருஷ அனுபவத்துக்குப் பின் மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பிஇஇ நடத்தும் எனர்ஜி ஆடிட்டர் தேர்வை எழுதலாம், நான்கு தாள். மேலே படிக்க ஆசைப்பட்டால் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே முதுநிலைப் படிப்பு உண்டு.

கோர்ஸுக்கு வைத்த பணத்தில் கொஞ்சம் எடுத்து, வெப்பநிலையைப் பதிந்து வைக்கும் இரண்டு சின்ன லாகர்கள் வாங்கிக் கொடுங்கள். ஒன்று மேல்மாடி அறையில், இன்னொன்று கீழ் அறையில். சித்திரை வெயிலில் பத்து நாள் ஓடட்டும். அந்தப் பதிவோடு அவளை என்னிடம் அனுப்புங்கள், பேசுகிறேன்.