ஏஎஸ்/400 பயிற்சி: பச்சைத் திரையைப் பார்த்துத் தயங்கும் மகளுக்காக

மதிப்பிற்குரிய ஐயா,

வளாகத் தேர்வில் வேலை பெற்ற தங்கள் மகளை நிறுவனம் ஏஎஸ்/400 பயிற்சியில் சேர்த்துவிட்டதாகவும், கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளைக் கண்டு அவர் மனம் சோர்ந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். 1988-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய அந்த இடைநிலைக் கணினியின் வழித்தோன்றல், இன்று பவர் சர்வர்களில் ஐபிஎம் ஐ என்ற பெயரில் வங்கி, காப்பீடு, சரக்குக் கிடங்கு ஆகியவற்றின் அன்றாடக் கணக்கைச் சுமக்கிறது. வேலை நிலைக்குமா என்ற கவலை வேண்டாம். மேலோட்டமாகக் கற்றுவிடுவாரோ என்பதே என் கவலை.

மாதிரி நேர்காணலில் நான் கேட்பது இது: திரையில் ஒரு ஃபீல்டு (தரவு நிரப்பும் அல்லது காட்டும் கட்டம்) இந்த நொடியில் சிவப்பாக இருக்கிறதா என்பதைப் புரோகிராம் எப்படி அறியும்? பலரும் டிஎஸ்பிஏடிஆர் (ஃபீல்டின் தோற்றப் பண்பைக் குறிக்கும் கட்டளைச் சொல்) என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அது நிறத்தையும் அடிக்கோட்டையும் அமைக்குமே தவிர, இருப்பதைத் திருப்பிச் சொல்லாது. அந்தப் பண்பு, ஃபீல்டுக்குச் சற்று முன்னால் திரையில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரே ஒரு பைட். ஹெக்ஸ் (பதினாறு அடிமான எண்) 20 என்றால் பச்சை, 22 என்றால் வெள்ளை, 28 என்றால் சிவப்பு. 24 வரி, 80 பத்தி கொண்ட திரையில் ஐந்தாம் வரியின் 20-ஆம் பத்தியில் ஃபீல்டு தொடங்கினால், அதன் பைட் 19-ஆம் பத்தியில், அதாவது மொத்தமுள்ள 1920-இல் 339-ஆவதாக இருக்கும். கியூஎஸ்என்ரீட்எஸ்சிஆர் என்னும் ஏபிஐ (புரோகிராம் அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்தச் செயல்) திரை முழுவதையும் படித்துத் தருவதால், அந்த 339-ஆவது பைட்டைப் பார்த்தால் போதும். கியூடிஎஃப்ஆர்டிவிஎஃப்டி என்னும் இன்னொரு ஏபிஐ, டிஸ்ப்ளே ஃபைலில் (திரையின் அமைப்பை வரையறுக்கும் கோப்பு) எழுதி வைத்ததை மட்டுமே சொல்லும். இண்டிகேட்டர் (புரோகிராம் ஆன், ஆஃப் செய்யும் குறி) இப்போது மாற்றியிருப்பதை அது அறியாது.

அனுபவசாலிகள் பெரும்பாலும் இவ்விரண்டையும் நாடுவதில்லை. பி வகையில் (புரோகிராமிலிருந்து சிஸ்டத்துக்கு மட்டும் செல்லும் வகை) ஓர் எழுத்து நீள ஃபீல்டை அறிவித்து, அதையே டிஎஸ்பிஏடிஆருக்குக் கொடுத்துவிட்டால், மதிப்பை வைப்பதும் புரோகிராம்தான், நினைவில் வைத்திருப்பதும் புரோகிராம்தான். திரையிடம் கேட்க வேண்டிய தேவையே எழாது.

பப்400 என்ற பொதுச் சர்வரில் இலவசக் கணக்குத் தொடங்கி, இம்மூன்று வழிகளையும் தங்கள் மகள் தாமே எழுதிப் பார்க்கட்டும். அதனுடன் ஃப்ரீ ஃபார்மட் ஆர்பிஜியும் (இக்கணினியின் நிரல்மொழி) எஸ்கியூஎல்லும் (தரவுத்தள மொழி) சேரட்டும். 339-ஆவது பைட் சரியாக வந்த பிறகும் துறை மாற விரும்பினால், அப்போது இருவரும் நேரில் வாருங்கள்.