கோமாரிக்கு நின்ற சாலை (கடிதம்)

அன்புள்ள ஐயா,

அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினா வரை பைக்கில் போகவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை ஏறக்குறைய 30,000 கி.மீ. ஓடுகிறது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே, டேரியன் என்ற காட்டுப் பகுதியில் மட்டும் நூறு கி.மீ. சொச்சத்துக்குச் சாலையே இல்லை. காட்டை மனிதனால் வெல்ல முடியவில்லை என்கிறார்கள். மாட்டு நோய்க்குப் பயந்து நிறுத்தினார்கள் என்றும் படித்தேன், சிரிப்புதான் வந்தது. எது உண்மை? நான் எப்படிக் கடப்பது?

ஒரு வாசகர்

தம்பி,

பைக்கைப் பனாமாவின் கோலோன் துறைமுகத்தில் கப்பலேற்றி கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் இறக்கிக்கொள்ளுங்கள், நீங்கள் விமானத்தில் போங்கள். நடந்து கடக்கிற வீரமெல்லாம் வேண்டாம். 2023-ல் மட்டும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் அந்தக் காட்டை நடந்து கடந்தார்கள், பிழைக்க வழியில்லாமல்.

காட்டை வெல்ல முடியவில்லை என்பதெல்லாம் சும்மா. பனாமா பக்கம் யாவிசா என்ற ஊர் வரை சாலை வந்துவிட்டது. மிச்சத்துக்குப் பெரும்பங்கு பணம் தர அமெரிக்காவும் ஒப்புக்கொண்டிருந்தது. 1975-ல் சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டு, அமெரிக்க நீதிமன்றம் தடை விதித்தது. அதில் முக்கியமான காரணம் நீங்கள் சிரித்தீர்களே, அதுதான். கோமாரி.

கோமாரி வந்த மாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் காணை என்போம். வாயில் நுரையாக எச்சில் ஒழுகும், நாக்குத் தோல் உரிந்து வரும், பசியோடு வைக்கோலை முகர்ந்துவிட்டு அப்படியே நிற்கும். குளம்பிடுக்கில் புழு வைத்துவிடும். அப்பத்தா வெந்தயம், சீரகம், மிளகு, பூண்டு, மஞ்சளை அரைத்துத் தேங்காயும் வெல்லமும் பிசைந்து, மாட்டின் வாய்க்குள் கையைவிட்டுத் தடவுவாள். பெரிய மாடு ஒருவழியாகத் தேறிவிடும், வெயிலில் இரைத்துக்கொண்டு. கன்று பொசுக்கென்று போய்விடும். ஊரில் காணை என்று காதில் விழுந்தால், சந்தைக்குப் போய்வந்த தாத்தாவையே தொழுவத்துக்குள் விடமாட்டாள். செருப்பில் வரும், கயிற்றில் வரும், வண்டிச் சக்கரத்தில் வரும் என்பாள். அந்த அமெரிக்க வழக்கில் பேசியதும் ஏறக்குறைய இதைத்தான், என்ன, பக்கம் பக்கமாகப் பேசினார்கள். தென் அமெரிக்காவில் கோமாரி இருந்தது, அமெரிக்காவில் 1929-க்குப் பிறகு இல்லை. 1946-ல் மெக்சிகோவுக்கு வந்தபோது லட்சக்கணக்கான மாடுகளைக் கொன்று புதைத்தார்கள். அந்தப் பயம் இவர்களுக்கு இருக்காதா? பைக் ஓட்டுகிறவருக்குச் சாலை என்றால் பைக்தான், லாரி நிறைய மாடு போகும் என்று எங்கே தோன்றப்போகிறது!

தடை பிறகு நீங்கியது, சாலைதான் வரவில்லை. 1980-ல் பனாமா அங்கே தேசியப் பூங்கா அறிவித்தது. அந்தக் காட்டில் காலங்காலமாக இருக்கும் எம்பெரா, குனா மக்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை, அதற்குத் தனியாகத் திட்டவேண்டும்.

அப்புறம் இன்னொன்று, இதற்கும் சிரிப்பீர்கள். மாட்டின் புண்ணில் முட்டையிடும் ஓர் ஈ வடக்கே போகாமலிருக்க, பனாமாவில் ஓர் ஆலை வைத்துக் கோடிக்கணக்கில் மலட்டு ஈக்களை வளர்த்து டேரியன் பக்கம் விமானத்திலிருந்து விட்டுவந்தார்கள். அவற்றோடு சேர்ந்த ஈயின் முட்டை பொரிக்காது. அதையும் மீறி அந்த ஈ 2024-ல் மெக்சிகோ வரை வந்துவிட்டது, சாலை இல்லாமலே. மாடு கடத்துகிறவர்களைத்தான் எல்லோரும் கைகாட்டுகிறார்கள்.