ஸ்கெட்ச்சுக்கு ஓகே சொன்னாரா?

காசு வாங்கிக் கேரக்டர் வரைந்து கொடுப்பவர்களும், காசு கொடுத்து வரையச் சொன்னவர்களும் அனுப்பிய கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க அந்தக் கேள்விகள்தான். பதினோரு வருடமாக எனக்குச் சோறு போடுவது இந்த வேலை என்பதால் ஓவியர் பக்கம் கொஞ்சம் சாய்வேன் என்று நினைக்கலாம். ஆனால் பல கடிதங்களில் தப்பு எங்கள் பக்கம்தான் இருந்தது, அதையும் எழுதியிருக்கிறேன்.

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறேன். ஒருவர் தன் கேமுக்கு ஒரு கேரக்டர் கேட்டார். 6,000 ரூபாய் பேசி 2,000 அட்வான்ஸ் தந்தார். ஸ்கெட்ச் அனுப்பினேன், "சூப்பர் ப்ரோ" என்றார். கலர் முடித்த பிறகு முகத்தை மாற்று, டிரெஸ்ஸை மாற்று, நிற்கிற போஸை மாற்று என்று ஐந்து முறை மாற்ற வைத்தார். இப்போது "நான் நினைத்த மாதிரி வரவில்லை, அட்வான்ஸைத் திருப்பிக் கொடு" என்கிறார். கொடுக்கத்தான் வேண்டுமா?
— பெயர் வேண்டாம், கோவை

வேண்டாம். ஸ்கெட்ச்சைப் பார்த்து "சூப்பர் ப்ரோ" என்று அவர் எழுதிய அந்த நிமிடமே, எந்த முகம், எந்த உடை, எந்த போஸ் என்று இருவரும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. அதற்கு மேல் நீங்கள் போட்ட உழைப்புக்கு 2,000 ரூபாய் குறைவுதான். அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள், போன் மாற்றினாலும் பழைய சாட் மெசேஜ்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சுகூட ஒப்பந்தம்தான், முத்திரைத்தாளில் எழுதினால்தான் செல்லும் என்பதில்லை.

சரி, ஐந்து முறை ஏன் மாற்றிக் கொடுத்தீர்கள்? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. நானும் கொடுத்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அம்மா தன் கதைக்கு ஒரு பாத்திரம் வரையச் சொன்னார். "கம்பீரமான பொம்பளை, கிராமத்துக்காரி, அம்பது வயசு" என்றார். நான் தலையை நிமிர்த்தி, இடுப்பில் கை வைத்து, புடவைத் தலைப்பு காற்றில் பறக்கிற மாதிரி வரைந்தேன். இல்லை என்றார். கையில் அரிவாள் கொடுத்தேன், அதுவும் இல்லை. நான்கு நாள் போன பிறகு, போனில் தேடி அவருடைய பாட்டியின் பழைய போட்டோ ஒன்றை அனுப்பினார். களத்துமேட்டில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார் அந்தப் பாட்டி, கேமராவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த அம்மாவுக்கு அதுதான் கம்பீரம். அந்த போட்டோவை முதல் நாளே கேட்டு வாங்கியிருந்தால் நான்கு நாள் மிச்சம். அதிலிருந்து யார் எந்த வார்த்தை சொன்னாலும், அழகு, பயங்கரம், கெத்து எதுவாக இருந்தாலும், அதற்கு ஒரு படம் அனுப்பச் சொல்கிறேன். பென்சிலைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று, வாடிக்கையாளருக்கு நம் வேலை தெரியாது. கண் கலரை மாற்றுவதும் போஸை மாற்றுவதும் அவர் கணக்கில் ஒன்றுதான். கண் தனி லேயரில் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வரையும் தனித்தனி அடுக்கு) இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. போஸ் மாறினால் கோடு, நிழல், துணி மடிப்பு எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அது திருத்தம் இல்லை, புதுப்படம். இதைச் சண்டை வந்த பிறகு சொன்னால் சாக்கு மாதிரிக் கேட்கும், முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் வழக்கம் இது: பேசும்போது மூன்றில் ஒரு பங்கு, ஸ்கெட்ச்சுக்கு ஓகே சொன்னதும் இன்னொரு பங்கு, கலர் முடிந்து வாட்டர்மார்க் போட்ட சின்ன படத்தைக் காட்டியதும் மீதி. பெரிய ஃபைல் அதற்கப்புறம்தான் போகும். ஸ்கெட்ச்சில் இரண்டு முறை மாற்றினால் காசு இல்லை, லைன் ஆர்ட், அதாவது ஸ்கெட்ச் மேல் இறுதிக் கோடு போடுவது, தொடங்கிய பிறகு கேட்டால் தனிக்காசு.

இப்போது அவருக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்கள். "நீங்கள் இந்தத் தேதியில் ஸ்கெட்ச்சுக்குச் சம்மதம் சொன்னீர்கள். அதன் பிறகு ஐந்து முறை மாற்றியிருக்கிறேன். மீதி 4,000 வந்தால் முழு ஃபைல் தருகிறேன். வேண்டாமென்றால் இத்தோடு முடித்துக்கொள்வோம், அட்வான்ஸ் செய்த வேலைக்குச் சரியாகிவிட்டது. இந்தப் படத்தை நீங்கள் பயன்படுத்தக் கூடாது." கோபம் இல்லாமல் இவ்வளவு போதும். நீங்களும் அந்தக் கேரக்டரை அதே பெயர், அதே உடையோடு வேறு யாருக்கும் விற்கக் கூடாது, கற்பனை அவருடையது.

4,000 ரூபாய்க்காகக் கோர்ட்டுக்குப் போகச் சொல்ல மாட்டேன், அலைச்சலில் அதைவிட அதிகம் போய்விடும். ஆனால் இதையே தொழிலாக வைத்துக்கொள்வதாக இருந்தால் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள், இலவசம்தான். பதிவு செய்த சிறு தொழிலுக்குக் கம்பெனிகள் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. எழுத்தில் எதுவும் பேசிக்கொள்ளவில்லை என்றால் 15 நாள்தான். ஸ்டுடியோக்கள் இழுத்தடிக்கும்போது இந்த ஒரு வரியை நினைவுபடுத்தினாலே பலமுறை பணம் நகர்கிறது.

நான் தொடர்கதை எழுதுகிறேன். கதாநாயகியை வரைய ஒருவருக்கு 4,500 ரூபாய் மொத்தமாக ஜிபேயில் அனுப்பினேன். இரண்டு வாரம் என்றார், மூன்று மாதம் ஆகிவிட்டது. முதலில் உடம்பு சரியில்லை என்றார், இப்போது பார்த்துவிட்டுப் பதிலே போடுவதில்லை. ஆனால் இன்ஸ்டாகிராமில் புதுப்புதுப் படமாகப் போடுகிறார். பெயரோடு ஸ்கிரீன்ஷாட் எல்லாம் போட்டு ஊரறியச் செய்யட்டுமா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

உங்கள் கோபம் நியாயம்தான் சகோதரி. ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தேதி குறித்து எழுதுங்கள், "இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஸ்கெட்ச் வர வேண்டும், இல்லையென்றால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும்" என்று. "எப்போ தருவீங்க" என்று முப்பது முறை கேட்டதைவிட இந்த ஒரு வரிக்குப் பலம் அதிகம், பிறகு எங்கே போனாலும் காட்டலாம்.

தேதி தாண்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆள் உண்மையிலேயே ஓவியர்தானா என்றும் பாருங்கள். அவர் போட்டிருக்கும் படங்களை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால், வேறு யாரோ வரைந்ததைத் தன்னுடையது என்று காட்டி ஏமாற்றுகிறவரா என்று ஓரளவு தெரிந்துவிடும். அப்படியானால் அது மோசடி, சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள், தாமதிக்க வேண்டாம்.

பொதுவில் எழுதுவதென்றால் நடந்ததை நடந்தபடி, தேதியோடு எழுதுங்கள். போன் நம்பர், வீட்டு முகவரி, குடும்பப் படம் எதையும் போடாதீர்கள். "திருடன்" என்று எழுதவும் வேண்டாம், அது உங்கள் மீதே வழக்காகத் திரும்பும்.

இதைப் படிக்கும் ஓவியர்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பு சரியில்லாமல் போவது எல்லோருக்கும் நடக்கும். எனக்கு மணிக்கட்டு வலி வந்து இரண்டு மாதம் பென்னைப் பிடிக்க முடியவில்லை, கையில் மூன்று கமிஷன் (காசு வாங்கி வரைந்து கொடுக்கும் வேலை) இருந்தது. இரண்டு பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஒருவர் காத்திருக்கிறேன் என்றார். பணம் திரும்பப் பெற்ற இரண்டு பேருமே பிறகு மறுபடி வந்தார்கள். ஆளைக் காணாமல் போயிருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்காதீர்கள், அந்தக் காசு செலவாகிவிடும், அப்புறம் அந்த வேலையைத் தொடவே மனசு வராது.

நண்பனின் யூடியூப் சேனலுக்கு 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு பூனைக் கேரக்டர் வரைந்து கொடுத்தேன். இப்போது அதை டிஷர்ட்டில் அச்சடித்து விற்கிறான். கேட்டால் "காசு கொடுத்தேன்ல, என்னுது" என்கிறான். வரைந்தவனுக்குத்தானே உரிமை?
— அம்பத்தூர் வாசகர், சென்னை

இங்கேதான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். யூடியூபில் அமெரிக்க ஓவியர்கள் சொல்வதைக் கேட்டு, எழுதிக் கொடுக்காதவரை உரிமை நம்முடையது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் அது சரி. இங்கே 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வேறு மாதிரி: பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியம் அல்லது உருவப்படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். முதல்முறை இதைப் படித்த அன்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

உங்களுக்கு வாதாட இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதே சட்டம் கலைப்படைப்பு எது என்று வரிசை சொல்லும்போது ஓவியத்தையும் (பெயின்டிங்) வரைபடத்தையும் (டிராயிங்) தனித்தனியாகச் சொல்கிறது, 17-ஆவது பிரிவில் ஓவியமும் உருவப்படமும் இருக்கின்றன, வரைபடம் என்ற சொல் இல்லை. டேப்லெட்டில் கோடு போட்டு வரைந்த பூனை எதில் சேரும் என்று வக்கீல்கள் இரு பக்கமும் பேசலாம். ஆனால் நண்பனோடு அந்த அளவுக்குப் போக வேண்டுமா? உட்கார்ந்து பேசுங்கள். சேனலுக்கு என்றுதான் 3,000 பேசினோம், டிஷர்ட்டுக்கு விற்பனையில் ஒரு பங்கு கொடு என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. இனி எந்த வேலையானாலும் பணம் வாங்குவதற்கு முன்பே, "பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், சேனலுக்கும் சமூக வலைத்தளத்துக்கும் மட்டும் பயன்படுத்தலாம், பொருளில் அச்சடித்து விற்கத் தனிக்கட்டணம்" என்று எழுதி அனுப்பி, அவரைச் சம்மதம் என்று பதில் போட வையுங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்று சட்டமே இடம் விட்டிருக்கிறது, அந்த இடத்தில் வைப்பதற்குத்தான் இந்த வரி.

உரிமை கைமாறினாலும் உங்கள் பெயர் உங்களுடையதுதான். 57-ஆவது பிரிவின்படி, வரைந்தது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், நம் பெயர் கெடுகிற மாதிரிப் படத்தைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் ஓவியரிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் விடாமல் போராடினார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. வாங்கியது அரசாங்கம், காசு கொடுத்ததும் அரசாங்கம், ஆனாலும் அப்படித் தீர்ப்பு வந்தது. உங்கள் நண்பன் டிஷர்ட்டில் தன் பெயரை ஓவியர் என்று போட்டால் தைரியமாகத் தடுக்கலாம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர், பேபாலில் பணம் வந்தது, படத்தையும் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து "பொருள் வந்து சேரவில்லை" என்று புகார் போட்டுவிட்டார். பணம் போய்விடுமா?
— திருச்சி வாசகி

பதில் போடாமல் விட்டால் போய்விடும். புகார் கொடுக்க அவர்களுக்கு 180 நாள் இருக்கிறது, அதனால் முடிந்த வேலையின் சாட் மெசேஜ்களையும் ஃபைலையும் ஆறு மாதமாவது வைத்திருக்க வேண்டும். பேபால் குறிப்பிட்ட கெடுவுக்குள் ஸ்கெட்ச்சுக்கு அவர் சொன்ன ஓகே, ஃபைல் அனுப்பிய மெயில், கிடைத்ததும் அவர் போட்ட நன்றி எல்லாவற்றையும் தேதி வாரியாக வைத்துப் பதில் போடுங்கள். உங்கள் இன்வாய்ஸில் வெறும் "ஆர்ட்" என்று இருப்பதைப் பார்த்தேன். இனி "டிஜிட்டல் கேரக்டர் படம், மெயிலில் அனுப்பப்படும், பார்சல் எதுவும் வராது" என்று விரிவாக எழுதுங்கள்.

ஓவியர் அனுப்பிய படத்தில் ஒரு கையில் ஆறு விரல். ஏஐயில் போட்டுக் கொடுத்துவிட்டாரோ என்று சந்தேகம். எப்படிக் கேட்பது?
— மதுரை வாசகர்

குற்றம் சாட்டாமல் கேளுங்கள். ஆறு விரலை மனிதர்களும் வரைவார்கள், நடுராத்திரி வேலையில் நானே வரைந்திருக்கிறேன். "ஸ்கெட்ச்சும் லேயர் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்ப முடியுமா, வரையும் வீடியோ இருந்தாலும் சரி" என்று கேளுங்கள். கையால் வரைந்தவரிடம் குறைந்தது ஒரு கிறுக்கல் ஸ்கெட்ச்சாவது இருக்கும். ஒன்றுமே இல்லை, கேட்டதும் கோபம் மட்டும் வருகிறது என்றால், கையால் வரைந்து தருகிறேன் என்று சொல்லித்தானே பணம் வாங்கினீர்கள் என்று கேட்டுப் பணத்தைத் திருப்பி வாங்குங்கள். பேசும்போது அதைப் பற்றி எதுவுமே சொல்லிக்கொள்ளவில்லை என்றால் உங்கள் வாதம் பலவீனம்தான். அப்போது விரலையாவது சரிசெய்து வாங்குங்கள்.

சொந்தக்காரர்கள் எல்லாம் "உனக்கென்ன, அஞ்சு நிமிஷத்துல போட்டுருவ" என்று கேட்கிறார்கள். அத்தை மகனுக்குக் கல்யாணப் பத்திரிகைக்குக் கார்ட்டூன் ஜோடி வரைய வேண்டுமாம். இல்லை என்று சொன்னால் அம்மாவுக்குச் சங்கடம்.
— ஈரோடு வாசகி

கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிடுங்கள், ஆனால் பரிசு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "மாமா, இதுக்கு நான் 5,000 வாங்குவேன், உங்க கல்யாணத்துக்கு என் மொய் இதுதான்" என்று அம்மா பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஒரு ஸ்கெட்ச், ஒரு திருத்தம், அவ்வளவுதான். பத்திரிகையின் ஓரத்தில் உங்கள் பெயரைச் சின்னதாகப் போடச் சொல்லுங்கள், கல்யாணத்துக்கு வருகிறவர்களில் யாராவது காசு கொடுத்து வரையச் சொல்ல வருவார்கள்.