ஸ்காட்லாந்து பிரிந்தால் வீட்டுக் கடன் எந்தப் பணத்தில்?

கேள்வி: நான் செங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் மகள் கிளாஸ்கோவில் அரசு மருத்துவமனையில் நர்ஸ். வேலை விசாவில் இருக்கிறாள். வங்கிக் கடனில் ஒரு ஃப்ளாட் வாங்கப்போகிறாள். ஸ்காட்லாந்து தனிநாடாகப் போகலாம் என்கிறார்களே, அப்போது சம்பளம், கடன், விசா எல்லாம் என்ன ஆகும்? தள்ளிப்போடச் சொல்லலாமா?

பதில்: இந்தக் காரணத்துக்காகத் தள்ளிப்போட வேண்டாம் ஐயா. 2014 செப்டம்பர் 18 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் 55 சதவீதம் பேர் பிரிட்டனிலிருந்து பிரிய வேண்டாம் என்றார்கள். லண்டனின் சம்மதம் இல்லாமல் இன்னொன்று நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியே நடந்து ஜெயித்தாலும் மறுநாளே பிரிந்துவிட மாட்டார்கள். 2014இல் ஜெயித்திருந்தால் 2016 மார்ச் 24தான் சுதந்திர நாள் என்று ஸ்காட்லாந்து அரசே ஒன்றரை வருஷ அவகாசம் வைத்திருந்தார்கள்.

கவனிக்க வேண்டியது பணம். உங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலையாளச் சீமையோடு இருந்த ஊர். அதை ஆண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குத் தனி நாணயம் இருந்தது. 28 சக்கரம் சேர்ந்தால் அவர்களுடைய ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். தென்காசியில் பிரிட்டிஷ் ரூபாய்க்குச் சரக்கெடுத்து செங்கோட்டையில் சக்கரத்துக்கு விற்றவர், அந்த அரைச் சக்கரத்தை மறந்தால் கைநஷ்டம்தான். வரவு ஒரு பணம், கடன் வேறு பணம் என்றால் இதுதான் சிக்கல். அங்காவது மாற்று விகிதம் நிலையாக இருந்தது.

2014இல் பவுண்டையே பகிர்ந்துகொள்ளலாம் என்றது ஸ்காட்லாந்து அரசு. முடியாது என்றார் பிரிட்டனின் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன். 2022 அக்டோபரில் ஸ்காட்லாந்து அரசு சொன்ன திட்டம் வேறு: முதலில் பிரிட்டிஷ் பவுண்டு, நிலைமை கனிந்ததும் ஸ்காட்லாந்தின் சொந்தப் பவுண்டு. முதல் கட்டத்தில் உங்கள் மகளுக்கு ஒன்றும் மாறாது. இரண்டாம் கட்டத்தில்தான் கணக்குப் போட வேண்டும். கையில் வரும் மாதச் சம்பளம் 2,500 பவுண்டு, தவணை 700 பவுண்டு என்று வையுங்கள். சம்பளம் புதுப் பணத்துக்கு மாறி, கடன் பழைய பவுண்டிலேயே நின்று, புதுப் பணம் பத்து சதவீதம் இறங்கினால் தவணைக்குப் புதுப் பணத்தில் 778 எடுத்து வைக்க வேண்டும். மாதம் 78 அதிகம்.

இறங்குமா என்றால், அது கஜானாவின் கையிருப்பையும் ஜனங்களின் நம்பிக்கையையும் பொறுத்தது. 1993 ஜனவரி 1 அன்று செக்கோஸ்லோவாக்கியா என்ற ஒரே நாட்டிலிருந்து செக், ஸ்லோவாக்கியா என இரண்டாகப் பிரிந்தவர்கள் கொஞ்ச காலம் ஒரே பணம் வைத்திருக்கலாம் என்றுதான் நினைத்தார்கள். ஐந்து வாரத்தில் அது முறிந்தது. பழைய நோட்டில் ஸ்டாம்ப் ஒட்டி ‘இது எங்கள் நோட்டு’ என்று பிரித்துக்கொண்டார்கள்! அயர்லாந்தோ 1928இல் தன் பவுண்டை வெளியிட்டு, 1979 வரை பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சரிசமமாகவே வைத்திருந்தது.

பிரிட்டனில் வீட்டுக் கடன் வட்டியை இரண்டு வருஷம், ஐந்து வருஷம் என்று நிலையாக வைத்து, அப்புறம் புதுப்பிப்பது வழக்கம். வாக்கெடுப்புத் தேதி அறிவித்தால் அடுத்த புதுப்பிப்பின்போது கடன் எந்தப் பணத்தில் நிற்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நாலைந்து தவணைக்கான தொகை கையில் இருக்கட்டும். மிச்சத்தில் ஒரு பகுதி இங்கே என்.ஆர்.ஈ. கணக்கில் (வெளிநாட்டில் வாழும் இந்தியர் அங்கே சம்பாதித்ததை இங்கே ரூபாயில் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) இருப்பதும் நல்லது.

வேலையைப் பற்றிப் பெரிய பயம் வேண்டாம். அங்கே அரசு மருத்துவமனைகள் இப்போதே எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து அரசின் கையில்தான் இருக்கின்றன. சம்பளம் கொடுக்கும் அரசின் வருமானம்தான் கேள்வி. 2014 வாக்கெடுப்புக்கான திட்டத்தில் வடகடல் எண்ணெய் வருமானத்தையும் நம்பி, கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 110 டாலர் அளவில் விற்கும் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். 2016 ஜனவரியில் அது 30 டாலருக்குக் கீழே போனது. சரக்கும் சேவையும் சேர்ந்த ஏற்றுமதியிலும் பாதிக்கு மேல் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்கே போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால் இங்கிலாந்து எல்லையில் சுங்கச் சோதனை வரும். ஜி.எஸ்.டி.க்கு முன் கேரள எல்லையில் புளியரை சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்றது ஞாபகம் இருக்குமே, அந்த மாதிரி.

விசாதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. குடியேற்றம் முழுக்க லண்டன் அதிகாரம். பிரிந்தால் புது அனுமதி வாங்க வேண்டியிருக்கும். பிரிட்டன், அயர்லாந்து குடிமக்கள் இரு நாட்டுக்கும் தாராளமாகப் போய்வருகிறார்கள். பிரிட்டன் வேலை விசாவில் இருக்கும் இந்தியரோ அயர்லாந்தின் தலைநகர் டப்ளின் போகப் பொதுவாகத் தனி விசா எடுக்க வேண்டும். நாளைக்கு லண்டன் போவதற்கும் இதே நிலை வரலாம். நிரந்தரக் குடியிருப்புக்குத் தகுதி வந்த அன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. கிளாஸ்கோவில் பழைய கல் கட்டட ஃப்ளாட் என்றால், கூரை ஒழுகினால் மேல்வீடு கீழ்வீடு எல்லாரும் பங்கு போட்டுத்தான் பழுது பார்க்க வேண்டும். அந்தக் கூரை எப்படி இருக்கிறது என்று மகள் பார்த்தாளா?