தனியாகக் கட்டப்பட்ட பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முந்தைய உரிமையாளர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். குன்னூரில் என்னிடம் இருக்கும் வண்டியின் புத்தகத்தில் என்னையும் சேர்த்து மூன்று பெயர்கள். ஆனால் அதை வைத்திருந்தவர்கள் நான்கு பேர்.

வண்டியின் அடியில் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற கார். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் சென்னையில் தயாரித்தார்கள், 948 சி.சி. எஞ்சின். அதற்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. போல்ட்டுகளைக் கழற்றினால் பாடியைத் தூக்கி வைத்துவிடலாம். ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் இந்த ஹெரால்டின் பாகங்களிலிருந்து பிறந்ததுதான். கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் மேலாளராக இருந்த ஒருவர் இந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டார். கோவையில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில், அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி, இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த காராக மாற்றிவிட்டார். அவரிடமிருந்து குன்னூர் மருத்துவர் ஒருவர் வாங்கினார். மருத்துவர் காலமான பிறகு, வாரிசுச் சான்றிதழோடு அவருடைய மகன் எனக்கு விற்றார். காகிதம் சொல்வது இவ்வளவுதான்.

இருக்கையைக் கழற்றியபோது அடியில் மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியின் எடைச்சீட்டுகள் கிடந்தன. தேதி 1983. மருத்துவரின் காரில் மண்டிச் சீட்டுக்கு என்ன வேலை? கேத்தியில் கிழங்கு வியாபாரிகளிடம் விசாரித்துக்கொண்டே போனதில் அந்தச் சீட்டுகளுக்குரிய பெரியவரைக் கண்டுபிடித்தேன். மருத்துவர் வெளிநாடு போனபோது இவர்தான் காரை ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். "ஐயா திரும்பி வந்தால் கேட்பார் என்று தெரியும். அதனால்தான் பெயர் மாற்றவில்லை" என்றார். ஒன்பது ஆண்டு கழித்து மருத்துவர் கேட்டார். அதே ஆறாயிரத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உறைபனி விழும் மாதங்களில் தினமும் மாலையில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிடுவாராம்.

இன்னொன்றும் செய்திருக்கிறார். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். நீலகிரி மழைக்கும் மூடுபனிக்கும் இந்த பாடி எப்போதோ உதிர்ந்திருக்க வேண்டும். பெரியவர் பாடியைத் தூக்கி, சேசிஸில் அது உட்காரும் இடமெல்லாம் பழைய டிராக்டர் டியூபைக் கீற்றுகளாக நறுக்கி வைத்திருக்கிறார். அந்தக் கீற்றுகளை நான் இன்றுவரை மாற்றவில்லை.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் முதலில் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பாடி மாற்றம் எந்தத் தேதியில் பதிவாகியிருக்கிறது, பதிவாகித்தான் இருக்கிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். இதில் அலட்சியம் வேண்டாம். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இல்லாத வண்டிதான் விண்டேஜ். தனியாகக் கட்டிய கார் இங்கேதான் சிக்கிக்கொள்ளும். பிறகு பழைய காப்பீட்டுத் தாள், வரி ரசீது, டிங்கரிங் பட்டறை பில் என்று கிடைப்பதையெல்லாம் தேதி வரிசையில் அடுக்குங்கள். நடுவில் சில ஆண்டுகள் காணாமல் போனால், அந்த ஆண்டுகளில் வண்டி யார் கொட்டகையில் நின்றது என்று ஊரில் கேளுங்கள்.

கேத்திப் பெரியவரின் பெயரையும் அந்த ஒன்பது ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். எனக்குப் பின் வாங்குபவரிடம் அந்தத் தாளையும் சேர்த்தே கொடுப்பேன்.